குலுக்கலில் வராத பெயர்

ஜூன் 9

அன்புள்ள ஒலிபெருக்கிக்கு,

நானும் மாமாவும் சௌக்கியம். உன் தொண்டை எப்படி இருக்கிறது? பஸ் நிலையத்தில் நாள் முழுக்க மைக்கில் அறிவிப்புச் சொல்கிற தங்கையிடம் முதலில் தொண்டையைத்தானே விசாரிக்க வேண்டும்.

காகிதத்தில் கடிதமா என்று மூக்கில் விரல் வைக்காதே. வீட்டு போன் கொஞ்ச நாளாகக் கரகரவென்கிறது. நீ பேசுவதில் பாதிதான் வந்து சேர்கிறது. செல்லில் செய்தி அனுப்பினால் நாலு வார்த்தையும் ஒரு பொம்மையும் பதிலாக அனுப்புவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே ஒரு புதுச் செய்தி. கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிற எங்களுக்கெல்லாம் சனிக்கிழமைதோறும் பயிற்சி. பார்வை குறைந்த பிள்ளை, கூச்சப்படுகிற பிள்ளை, வீட்டில் கம்ப்யூட்டரையே பார்த்திராத பிள்ளை என்று ஒருவரையும் விட்டுவிடாமல் பாடம் நடத்துவது எப்படி என்று சொல்லித்தருகிறார்கள். நடத்துகிறவர் மூச்சுக்கு மூச்சு 'எல்லாரும், எல்லாரும்' என்கிறார். நாங்கள் அவருக்கு 'எல்லாரும் சார்' என்று பெயர் வைத்துவிட்டோம். தங்கமான மனுஷன். ஆனால் மெல்லப் பேசுகிறார், அதுவும் திரையைப் பார்த்துக்கொண்டு.

பயிற்சி முடிந்ததும் அவர் ஒவ்வொரு பள்ளிக்கும் வந்து ஒரு மாதிரி வகுப்பைப் பார்ப்பாராம். அவர் திருப்திப்பட்டால் கம்ப்யூட்டர் வகுப்பு தொடர்ந்து நம் கையில். இல்லாவிட்டால் பாடப்புத்தக அறையில் உட்கார்ந்து புத்தகத்தை அடுக்க வேண்டியதுதான். இந்த வகுப்பை விட்டால் எனக்கு வேறு போக்கு இல்லை என்பது உனக்கே தெரியும்.

இதில் நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன். யாரைக் கேள்வி கேட்பது என்பதை இப்போது நான் முடிவு செய்வதில்லை. ஒரு குலுக்கல் ப்ரோக்ராம் எழுதி வைத்திருக்கிறேன். பொத்தானைத் தட்டினால் வகுப்பிலிருந்து ஒரு பெயர் பெரிய திரையில் வரும். அந்தப் பிள்ளை எழுந்து வர வேண்டும். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லாரும் சார் ரொம்பவும் மெச்சிக்கொண்டார்.

வெந்நீர் குடி. பதில் போடு.

அன்புடன்,
அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்கா,

தொண்டை நலம். உட்கார்ந்தே இருப்பதால் கால்தான் வீங்குகிறது. மாமாவின் முதுகுவலி தேவலையா?

நான் ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். போன மாதம் கூப்பிட்டபோது மாமா எடுத்து, "அக்கா குளிக்கிறா" என்றார். அதற்கு முந்தின தடவையும் குளித்தாய். நேற்று மத்தியானமும் குளித்தாய். மீன்கூட இத்தனை நேரம் தண்ணீரில் இருக்காது.

என் மேல் கோபமா? நீங்கள் இங்கே வந்திருந்தபோது, "வீட்லயும் வகுப்பு எடுக்காதே அக்கா, மெதுவாப் பேசு" என்று சொன்னேனே, அதை மனசில் வைத்துக்கொண்டாயா? வாய்க்கொழுப்பு எனக்குப் பிறவியிலேயே உண்டு. நீதானே தூக்கி வளர்த்தாய், உனக்குத் தெரியாதா?

எங்கள் நிலையத்தில் வண்டி வருவதைக் காட்ட ஓர் எழுத்துப் பலகை மாட்டப் போகிறார்களாம். "இனிமே உனக்கு என்னம்மா வேலை?" என்று நடத்துநர்கள் கிண்டல் செய்கிறார்கள். சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிச்சல்தான்.

குளித்து முடித்ததும் கூப்பிடு.

உன்,
ஒலிபெருக்கி


ஜூலை 2

என் வாயாடித் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் நலம். காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு அறிவிப்புச் சொல். உன் கால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

கோபமாவது ஒன்றாவது! உன்னோடு கோபித்துக்கொள்ள எனக்கு ஏது நேரம்? போனைப் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறது.

வகுப்பில் ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறேன். கேள்வியை யாரும் வாயால் கேட்கக் கூடாது. எல்லா மெஷினிலும் பொதுவாக ஒரு பக்கம் திறந்திருக்கும். அதில் டைப் அடித்தால் பெரிய திரையில் வரும், கேட்டவர் பெயர் வராது. நான் படித்துவிட்டுப் பதில் சொல்வேன். ஜன்னலோரம் ஒரு பெண், வாயைத் திறந்தால் திக்குவாள் என்பதால் போன வருஷம் முழுவதும் ஊமையாகவே இருந்தவள், இப்போது கேள்வியாகக் கேட்டுத் தள்ளுகிறாள். எல்லாரும் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "இதைத்தான் டீச்சர் நான் வாரக்கணக்கா சொல்லிட்டு இருக்கேன்" என்று என்னைப் பயிற்சியில் எல்லார் முன்னாலும் நிறுத்தி விளக்கச் சொன்னார்.

வகுப்பும் அமைதியாகிவிட்டது. எதற்கெடுத்தாலும் எழுந்து வாதாடுகிற ஒருத்தி உண்டு, 'வக்கீல்' என்று பட்டப்பெயர். அவள்கூட அடங்கிவிட்டாள், பாரேன். எனக்கும் வேலை மிச்சம்.

மாமாவுக்கு முதுகு தேவலை. உன் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அக்கா


ஜூலை 11

அக்கா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பழுது பார்க்கப் போன போனிலிருந்து மாமா நேற்று என்னைக் கூப்பிட்டார். கரகரப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. குரல் கணீரென்று இருந்தது. "அக்கா எங்கே?" என்றேன். இந்தத் தடவை குளிக்கவில்லை, அயர்ந்து தூங்குகிறாய் என்றார். அந்த மனுஷருக்குப் பொய் சொல்லவே வராது, ஏன் அவரைப் போட்டுப் படுத்துகிறாய்?

என் கண்ணாடி அறையிலிருந்து பயணிகள் எல்லாரும் தெரிவார்கள். அவர்களில் சிலரைப் பார்த்ததும் கண்டுகொள்வேன். நான் மைக்கில் பேசியதும் மற்றவர்கள் தலையை நிமிர்த்துவார்கள். இவர்கள் மட்டும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் எழுந்தால் இவர்களும் பையை எடுப்பார்கள்.

நீங்கள் வந்திருந்தபோது நான் ஒரு நடத்துநரைப் பற்றி வேடிக்கையாகச் சொன்னேன். நீ மாமா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாய். அப்போது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு நாளாக அதுவே மனசில் ஓடுகிறது.

அக்கா, உனக்குக் காது சரியாகக் கேட்கிறதா?

இன்னொன்று. வாதாடுகிற பெண் சும்மா அடங்க மாட்டாள். நான் அந்த ஜாதி, எனக்குத் தெரியும். அவள் ஏன் அடங்கினாள்?

பதிலை எதிர்பார்த்து,
தங்கை


ஆகஸ்ட் 1

அன்புத் தங்கைக்கு,

இங்கே யாவரும் நலம். வேலை மும்முரத்தில் பதில் தள்ளிப் போய்விட்டது, மன்னித்துக்கொள்.

பயிற்சி முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. திரையில் எழுத்தைப் பெரிதாக்குவது, நிறத்தை மட்டும் நம்பாமல் தவறைக் குறியோடு காட்டுவது, ஒரே கணக்கைச் சுலபமாகவும் கடினமாகவும் அமைப்பது என்று நிறையக் கற்றுக்கொண்டோம். எங்கள் பள்ளியில் மாதிரி வகுப்பு செப்டம்பர் முதல் வாரம். மெஷின் அறையின் மேஜைகளை நானும் உதவியாளரும் நகர்த்திப் போட்டோம். மின்விசிறிக்கு எண்ணெய் விட்டாயிற்று. திரைச்சீலையைத் துவைத்தாயிற்று. குலுக்கல் ப்ரோக்ராமில் பெயர் வரும்போது ஒரு நட்சத்திரம் சுற்றுகிற மாதிரி அழகுபடுத்தியிருக்கிறேன். எல்லாம் பார்க்கக் கண்ணாக இருக்கிறது.

வக்கீல் பாடத்தில் கொஞ்சம் பின்தங்குகிறாள். வயசுக்கோளாறாக இருக்கும்.

நீ கேட்டதற்கு: நாங்கள் இருவரும் நலமாகவே இருக்கிறோம். கால் வீக்கம் குறைந்ததா?

அக்கா


ஆகஸ்ட் 6

அக்கா,

நான் கேட்டது அதுவல்ல.

கால் வீக்கம் குறையவில்லை.

தங்கை


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்கா,

நான் போட்ட இரண்டு வரிக்கு இத்தனை நாளாகப் பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் தபால்காரரை மறித்துக் கேட்டுக் கேட்டு, இப்போது அவர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார்.

முரட்டுத்தனமாக எழுதிவிட்டேன். கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதினேன். நீ வேலையைப் பற்றிப் பயப்படுகிறாய் என்று தோன்றுகிறது. காது கேட்காதவளுக்கு எதற்கு வகுப்பு என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைக்கிறாய், அப்படித்தானே? நான் யாரிடமும் மூச்சுவிட மாட்டேன். உனக்கு ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று ஒரு வரி எழுது. இருக்கிறது என்றாலும் ஒரு வரி போதும்.

எதுவுமே எழுதாமல் மட்டும் இருக்காதே. எனக்குத் தாங்கவில்லை.

மாமாவுக்கு என் வணக்கம். உடம்பைக் கவனி.

உன் தங்கை


செப்டம்பர் 7

என் செல்லத் தங்கைக்கு,

நலமில்லை என்று எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. பதறாதே. இப்போது நலம்தான்.

காது கேட்பது குறைந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. கட்டைக் குரல்கள் வருகின்றன, அதனால் மாமா பேசினால் புரியும். மெல்லிய குரல்கள்தான் போய்விட்டன. பிள்ளைகளின் குரல், பெண்களின் குரல், போனில் உன் குரல். உனக்குக் குரல்தான் பிழைப்பு, பெருமை எல்லாம். அது எனக்குக் கேட்கவில்லை என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்? போனுக்கு ஒரு கேடும் இல்லை. நான் குளிக்கவும் இல்லை. மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவேன். அவர் என்னை முறைத்துக்கொண்டே உன்னிடம் பொய் சொல்வார்.

கேள்வியை டைப் அடிக்கச் சொன்னது கூச்சப்படுகிற பிள்ளைகளுக்காக இல்லை. எனக்காக. அவர்கள் கேட்பது எனக்குப் புரியவில்லை என்பது வெளியே தெரியாமலிருக்கச் செய்த தந்திரம் அது. அதற்குத்தான் அத்தனை பாராட்டும் மேடையும் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று முன்தினம் மாதிரி வகுப்பு நடந்தது. பின்வரிசையில் எல்லாரும் சாரும் தலைமையாசிரியையும் உட்கார்ந்திருந்தார்கள். குலுக்கலில் பெயர்கள் வந்தன, பிள்ளைகள் வந்து அழகாகச் செய்தார்கள். திரையில் கேள்விகள் வரிசையாக விழுந்தன. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது வக்கீல் கையைத் தூக்கினாள்.

நான் வழக்கம்போலக் கீபோர்டைக் காட்டினேன். அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

அவளுக்கு விரல்கள் பிறவியிலேயே கொஞ்சம் மடங்கியிருக்கும். ஓர் எழுத்தைத் தட்டினால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழும். இது எனக்குத் தெரியாததில்லை. போகப்போகப் பழகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அடங்கிவிட்டாள் என்று உனக்குச் சந்தோஷமாக வேறு எழுதினேன். நீ ஏன் என்று கேட்டாய். அந்தக் கேள்வி தூங்கவிடவில்லை, ஆனாலும் நான் அவளிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டால் அவள் வாயால் பதில் சொல்வாள், எனக்குப் புரியாது, குட்டு வெளிப்படும்.

திரையில் தாறுமாறாக எழுத்துகள் வந்தன. அழித்தாள். மறுபடியும் தாறுமாறாக வந்தன. யாரோ சிரித்தது முகங்களைப் பார்த்தபோது தெரிந்தது. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் சார் எதையோ குறித்தார்.

இந்த ஒரு நிமிஷத்தைக் கடத்திவிட்டால் வகுப்பு என் கையில் என்று நினைத்தேன். உனக்கென்ன மறைப்பது, கடத்தத்தான் பார்த்தேன். அடுத்த பெயரைக் குலுக்கக் கை பொத்தானுக்குப் போய்விட்டது. ஆனால் அவள் மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டு அதைத் தட்ட முடியவில்லை.

எழுந்து அவளிடம் போனேன். "எனக்குக் காது சரியாக் கேக்காது. அதனாலதான் எல்லாரையும் டைப் அடிக்கச் சொன்னேன். நீ வாயால கேளு. என் முகத்தைப் பாத்து நிதானமாக் கேளு" என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. தலைமையாசிரியை எழுந்தே நின்றுவிட்டார்.

அவள் கேட்டாள். எனக்குப் பிடிபடவில்லை. மறுபடியும் கேட்டாள். அதுவும் பிடிபடவில்லை. அதற்குள் பக்கத்து இருக்கைப் பெண் யாரும் சொல்லாமலே வக்கீலின் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து அவள் சொல்வதை அப்படியே அடிக்க ஆரம்பித்தாள். திரையில் வந்தது: "டீச்சர், குலுக்கல்ல என் பேரு ஏன் வரவே மாட்டேங்குது?"

"குலுக்கல்னா அப்படித்தான்மா. ஒருத்தருக்கு முன்னாடி வரும், ஒருத்தருக்குப் பின்னாடி வரும்" என்றேன்.

திரையில் மறுபடியும் வரிகள் விழுந்தன: "எல்லாருக்கும் பல தடவை வந்தாச்சு. எனக்கு மட்டும்தான் வரலை. வருகைப் பதிவுல நான்தான் கடைசி நம்பர். உங்க ப்ரோக்ராம் கடைசி நம்பரை எடுக்கறதே இல்லை. அப்பவே கண்டுபிடிச்சுட்டேன். அடிக்க முடியலை. வாயால கேட்டா வேண்டாம்னு கை காட்டினீங்க."

ப்ரோக்ராமைத் திரையில் திறந்தேன். அவள் சொன்னது சரி. கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்பதற்காக நான் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்திருந்தேன். ஆனால் பெயரைக் குலுக்கி எடுக்கிற கட்டளை தானாகவே ஒன்றைக் கழித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து கடைசி ஆளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. இதே பிழையைப் பிள்ளைகள் செய்தால் தலையில் அடித்துக்கொள்கிறவள் நான். யாரையும் விடாத குலுக்கல் என்று சார் மெச்சிய ப்ரோக்ராம் ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டது. அதைச் சொல்ல வந்தவளின் வாயையும் நானே அடைத்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வகுப்பு முன்னாலேயே அழுதேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

முடிவு இன்னும் தெரியவில்லை. சார் போகும்போது ஏதோ சொன்னார். முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னதால் புரியவில்லை. என்ன வேண்டுமானாலும் ஆகட்டும். அன்றைக்கு ராத்திரி குழந்தை மாதிரி தூங்கினேன் என்று மாமா சொன்னார்.

உன் கால் எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வியையும் நீ கேட்ட அந்த ஒரு வரியையும் உன் கடிதம் வந்தபோதே எழுதியிருக்க வேண்டும்.

உன் அக்கா


செப்டம்பர் 12

என் அக்காவுக்கு,

கால் நலம். நீ முக்காலி சொன்ன அன்றைக்கே போட்டுக்கொண்டேன். உன்னைப் பயமுறுத்தத்தான் குறையவில்லை என்று எழுதினேன்.

உன் கடிதத்தைக் கண்ணாடி அறையில் வைத்தே படித்தேன். ஒரு வண்டிக்கு அறிவிப்புச் சொல்ல மறந்துபோய், ஓட்டுநர் வந்து கண்ணாடியைத் தட்டினார். அழுத முகத்தோடு அறிவித்தேன். வெளியே நின்ற பயணிகள் விபத்தோ என்று பயந்திருப்பார்கள்.

படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். என் மேல் கோபமில்லை, காதுதான் போயிற்று என்று மகிழ்ந்த தங்கை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் குரல் கேட்காவிட்டால் என்ன அக்கா? நான் பேசியதில் பாதி வீண்பேச்சுதான். மீதியை எழுதி அனுப்புகிறேன்.

நாளைக்கே காது டாக்டரிடம் போ. மாமாவைக் கூட்டிக்கொண்டு போ, அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்ட மட்டும் செய்யாதே.

எழுத்துப் பலகை வந்துவிட்டது. நானே அதிகாரியிடம் போய், "எழுத்து இன்னும் பெரிசா இருக்கணும் சார்" என்றேன். "நீதானே இது வேண்டாம்னு முகத்தைத் தூக்கி வெச்சுட்டிருந்தே?" என்றார். மைக்கும் இருக்கும், பலகையும் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு வேலை போகவில்லை. உன் வேலை என்ன ஆயிற்று? உடனே எழுது.

காத்திருக்கும்,
தங்கை


அக்டோபர் 3

அன்புள்ள ஒலிபெருக்கிக்கு,

நாங்கள் நலம். நிஜமாகவே நலம், இந்தத் தடவை நம்பலாம்.

எல்லாரும் சார் போன வாரம் பள்ளிக்கு வந்தார். எனக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "வகுப்பு உங்களோடதுதான் டீச்சர். அன்னைக்குப் போகும்போதே சொன்னேனே?" என்றார். முதுகு சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்றேன். மனுஷனுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. "நான் திரையைப் பாத்தே பேசறேன்னு இத்தனை மாசத்துல ஒருத்தர்கூடச் சொல்லலையே!" என்று வருத்தப்பட்டார். எல்லாருக்கும் பயம் சார், பாஸ் பண்ண வேண்டாமா என்றேன். அடுத்த அணி ஆசிரியர்களுக்கு நான் வந்து பேச வேண்டுமாம். டைப் அடிக்கும் ஏற்பாடு யாரை உள்ளே கொண்டுவந்தது, யாரை வெளியே நிறுத்தியது என்று இரண்டையும் சொல்ல வேண்டுமாம். சரி என்றேன்.

புத்தக அறையைப் பற்றித் தலைமையாசிரியையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "உங்களை அங்க அனுப்பினா புத்தகத்துக்கும் பாடம் நடத்துவீங்க" என்று சொல்லிவிட்டார்.

காது மெஷின் மாட்டிக்கொண்டேன். முதல் நாள் சமையலறையில் கரண்டி விழுந்ததற்கே தூக்கிவாரிப் போட்டது. மாமா இத்தனை சத்தமாகத் தும்முவார் என்பதை மறந்தே போயிருந்தேன். போனில் உன் குரல் இன்னும் சரியாக வரவில்லை. வரும் என்கிறார் டாக்டர். வராவிட்டாலும் லீவு போட்டு நேரில் வா. கிட்ட உட்கார்ந்து பேசு.

வகுப்பில் இப்போது வாயாலும் கேட்கலாம், டைப் அடித்தும் கேட்கலாம், பக்கத்தில் இருப்பவரை அடிக்கச் சொல்லியும் கேட்கலாம். ஒரே இரைச்சல். ஜன்னலோரப் பெண் டைப்பிலேயே நிற்கிறாள், அது அவள் இஷ்டம். வக்கீல் பழையபடி எதற்கெடுத்தாலும் எழுந்து நிற்கிறாள்.

குலுக்கல் ப்ரோக்ராமை அவளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தினேன். திங்கட்கிழமை பொத்தானைத் தட்டினோம். யார் யார் பெயரோ வந்தது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை வகுப்பு ஆரம்பித்ததும் தட்டினேன். நட்சத்திரம் சுற்றி நின்றது, வக்கீல் பெயர் வந்தது. வகுப்பே கைதட்டியது.

அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. "இத்தனை நாள் வராத பேரு இன்னைக்கா டீச்சர் வரணும்?" என்றாள். வீட்டுப்பாடம் செய்யவில்லை. தன் பெயர் எப்படியும் வராது என்ற தைரியத்தில் மாசக்கணக்கில் செய்யாமலே இருந்திருக்கிறாள்.

மற்றவர்களைத் திட்டுகிற மாதிரியே திட்டினேன், ஒரு சொல் குறைக்கவில்லை. நின்று வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

தொண்டையையும் காலையும் பார்த்துக்கொள். மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன்,
அக்கா